கட்டை போடத் தெரியாத கன்ட்ரோல் இன்ஜினியருக்கு

அடேய் பேராண்டி, உன் ஆராய்ச்சிப் புத்தகத்தை முழுசாப் படிச்சுட்டேன். அதாவது படம் போட்ட பக்கம் பூராத்தையும். கணக்குப் போட்ட பக்கத்து மேல உன் அப்பத்தா மோர்மிளகாய் காயவச்சிருந்தா. வெயில் நல்லா அடிச்சுது, எடுக்க மனசு வரலை.

சின்ன வண்டி மேல ஒரு கம்பி நட்டமா நிக்கிற படம் இருக்குல்ல, அதை ரொம்ப ரசிச்சேன். கம்பி சாயுது, வண்டி ஓடிப்போயி அடியில நின்னு தாங்குது. பக்கத்துல ஒரு கோடு. மேல கிளம்பி, ஒரு வளைவு வளைஞ்சு, ரெண்டாவது நொடியில பூச்சியத்துல வந்து உக்காந்துருச்சு. விருந்துக்கு வந்த புது மாப்பிள்ளை கணக்கா அம்புட்டு அடக்கம். உன் அப்பன்கூட அந்தப் பக்கத்தைத்தான் செல்போன்ல படம் பிடிச்சு சொந்தக்காரங்களுக்கெல்லாம் அனுப்பி வச்சான்.

அதுக்குக் கீழ இன்னொரு கோடு இருந்துச்சே, அதை யாரும் படம் பிடிக்கலை. கம்பியைத் தாங்க நீ எம்புட்டு விசை கொடுத்தேங்கிற கோடு. ஆரம்பத்துல அது தாளை விட்டே மேல போயிருச்சு. எங்கடா போச்சுன்னு கேட்டதுக்கு, “அய்யா, அது இனிஷியல் பீக்”ன்னே. சரி, எம்புட்டுன்னேன். 400 நியூட்டன்னே. உன் ஆய்வுக்கூடத்து மோட்டாரு எம்புட்டுத் தரும்னேன். கொஞ்ச நேரம் விட்டத்தைப் பாத்துட்டு 40ன்னே.

அதனால என்ன, நீ கலங்காதே. பத்து மடங்கு வேணும்னா பத்து மோட்டாரு வாங்கிப் போட்டுருவோம். வண்டி கனம் கூடும், அதுக்கு இன்னும் அஞ்சு மோட்டாரு. கம்ப்யூட்டர்ல மோட்டாருக்குக் கரண்டு பில்லும் கிடையாது, காசும் கிடையாது. நீ பாட்டுக்கு எல்லையில்லாத விசைன்னு எழுதிக்க. எழுதுற பேனா வளையப்போறதில்லை.

எனக்கு இதைப் பத்திப் பேச என்ன யோக்கியதைன்னு நீ கேக்க மாட்டே, உன் கைடு கேப்பாரு. அவருக்குச் சொல்லு: எங்க அய்யா நம்மூர்த் தேருக்கு இடது முன்சக்கரத்துல முட்டுக்கட்டை போட்டவரு, அவருக்கு முன்னால அவங்க அப்பாரு போட்டாரு, அவருக்கு ரெண்டு விரல் கம்மின்னு. விரல் கம்மியானது எப்படின்னு கேட்டா, அதையும் ஒரு கோடு போட்டுக் காட்டு.

கட்டைன்னா நீ நினைக்கிற மாதிரி ஏதோ ஒரு மரத்துண்டு இல்லை. நாட்டுக் கருவேலம். ஒரு பக்கம் தடிமனா, மறுபக்கம் சரிவா இறங்கி, நுனி கத்தி மாதிரி தரையோட படியும். பின்னால நீளமாக் கைப்பிடி. சக்கரம் உருண்டு வர்றப்ப எடுத்த எடுப்புல குறுக்க வச்சு நிறுத்தப் பாத்தா, ஒண்ணு கட்டை சிதறும், இல்லை தேரு குலுங்கும். சரிவை முதல்ல சக்கரத்துக்கு ஊட்டணும். சக்கரம் சரிவுல ஏறும், ஏற ஏற வேகம் தீரும். இரும்புப் பட்டா கட்டையைக் கடிக்கிறப்ப ஒரு நறநறப்பு கேக்கும், கூடவே கருகுற வாடை வரும். அந்த நறநறப்பு சீரா இருந்தா தேரு அடங்குது. விட்டுவிட்டுக் கேட்டா கட்டையைத் தள்ளிக்கிட்டு வருதுன்னு அர்த்தம், கையை எடுத்துட்டுப் பின்னால குதிக்கணும். உன் சென்சாரு இதுக்கு என்ன சொல்லும்னு எனக்கும் ஒருநாள் காட்டு.

இப்ப உன் பாசையிலயே பேசுவோம். தேருக்கு எஞ்சின் இல்லை. ஸ்டியரிங் இல்லை. ரிவர்ஸ் கியர் இல்லவே இல்லை. கையில இருக்குறது என்ன? முன்னால வடம், அது இழுக்கத்தான் செய்யும், தள்ளாது. கயித்தை வச்சு எவன்டா தள்ளினான்? அடியில கட்டை, அது தடுக்கத்தான் செய்யும், ஓட்டாது. பின்சக்கரத்துக்குத் தடி கொடுத்து நெம்பலாம், அதுவும் கிளப்பி விடத்தான். இம்புட்டுதான் உன் இன்புட்டு. இதை வச்சுக்கிட்டு முன்ன பின்ன, வலது இடது, மேல உச்சியில கலசத்தோட ஆட்டம், எல்லாத்தையும் பாத்துக்கணும். ஆட்டுற கை கம்மி, ஆடுற உறுப்பு ஜாஸ்தி. இதுக்கு இங்கிலீசுல ஒரு பேரு சொன்னியே, அண்டர் ஆக்சுவேட்டடுன்னு. பேரு நல்லா இருக்கு. பேரு வைக்கிறதுக்கு முந்தியே நாங்க இழுத்துட்டோம்.

போன தீவாளிக்குத் திண்ணையில கரித்துண்டை வச்சு நீ போட்ட கணக்கை நான் இன்னும் அழிக்கலை. தேரோட மொத்தக் கனமும் தரையில இருந்து 4 மீட்டர் உயரத்துல குவிஞ்சிருக்கிறதா வச்சுக்குவோம்னே. நடுவுல இருந்து முன்சக்கரம் தரையைத் தொடுற இடம் 1.2 மீட்டர்னே. சக்கரம் கட்டையில முட்டி அங்கேயே நின்னுட்டா, தேரு அந்த முனையை அச்சா வச்சுத் தலை குப்புறப் பாக்கும். விழணும்னா அந்தக் கனம் முனைக்கு நேர் மேல ஏறியாகணும். எம்புட்டு ஏறணும்னு போட்டே: 17 அல்லது 18 சென்டிமீட்டர். ஒரு சாண் உசரம்கூட இல்லைடா! அம்புட்டுப் பெரிய தேரு விழுறதுக்கும் நிக்கிறதுக்கும் நடுவுல ஒரு சாணுக்கும் கம்மி.

பொறவு வேகம். ஆளு மெதுவா நடக்குற வேகம், நொடிக்கு 1 மீட்டர். அந்த வேகத்துல இருக்குற சக்தி முச்சூடும் கனத்தைத் தூக்கப் போச்சுன்னா 5 சென்டிமீட்டர் தூக்கும். தேரு விழாது, ஒரு முணுமுணுப்போட திரும்ப உக்காந்துக்கும். அதுவே இளவட்டம் நாலு பேரு விசில் அடிச்சு, நொடிக்கு 2 மீட்டர்னு ஓட்டமும் நடையுமா இழுத்தான்னு வையி. வேகம் ரெண்டு மடங்கு, தூக்குறது நாலு மடங்கு, 20 சென்டிமீட்டர். முட்டுற அதிர்ச்சியில கொஞ்சம் வீணாப் போகும்னே, ஒத்துக்கிறேன். மிச்சம் இருக்கிறது அந்த விளிம்புக்குப் பக்கத்துல கொண்டுபோய் விட்டுரும்ல? அதுக்கு மேல ரோடு கொஞ்சம் முன்னால இறக்கமா இருந்தா சொல்லவே வேணாம். கரித்துண்டு கணக்குதான், நான் மறுக்கலை. ஆனா அதைப் போட்டுட்டு நீ ஒரு நிமிசம் பேசாம இருந்தே பாரு, உன் படிப்புல எனக்கு அன்னைக்குத்தான் நம்பிக்கை வந்துச்சு.

நம்பிக்கை வந்த மறுநிமிசமே நீ அதைக் கெடுத்தே. “அய்யா, சின்னக் கோணத்துக்கு சைன் தீட்டாவும் தீட்டாவும் ஒண்ணுதான், சிஸ்டத்தை லீனியராக்கிறலாம்”ன்னே. நான் உன் சைன் தீட்டாவைக் குறை சொல்லலைடா. 30 டிகிரி வரைக்கும் அது நூத்துக்கு அஞ்சுகூட வித்தியாசப்படாதுன்னு நீதான் காட்டினே. நம்ம தேரு 17 டிகிரிக்குக் கொஞ்சம் முன்னாலயே கவுந்துரும்னும் நீதான் காட்டினே. அப்ப உன் கணக்கு தப்பாகுறதுக்கு ரொம்ப முந்தியே தேரு கீழ கிடக்கும், கணக்கு மட்டும் சரியா நிக்கும். கோளாறு வளைவுல இல்லை, விளிம்புல. நாலு சக்கரமும் தரையில இருக்குறப்ப ஒரு தேரு, ரெண்டு சக்கரம் தூக்குனா அது வேற தேரு. நடுவுல இடைப்பட்டதுன்னு ஒண்ணு கிடையாது. இந்தப் பக்கம் போட்ட விதியை அந்தப் பக்கம் கொண்டுபோய்ப் போட்டா அது கேக்காது.

இங்க ஒரு விசயத்தை விளையாட்டு இல்லாமச் சொல்லிர்றேன். 2022 ஜூலை 31, ஆடிப்பூரத் திருவிழா. நம்ம புதுக்கோட்டை திருக்கோகர்ணத்துல பிரகதாம்பாள் தேரு. தொண்டைமான் வீட்டுக் குலதெய்வம், அந்தக் காலத்து அம்மன் காசுல உக்காந்திருந்த அதே அம்மன். தேரு கிளம்பின கொஞ்ச தூரத்துலேயே சாஞ்சு விழுந்துச்சு. சனங்களுக்குக் காயம். அதுல யாரு என்ன பண்ணாங்கன்னு திண்ணையில உக்காந்து தீர்ப்புச் சொல்ற ஆளு நான் இல்லை. ஆனா அந்த ஊரு சின்ன ஊரு இல்லை, அந்தக் கோயிலு நேத்துக் கட்டுனது இல்லை, வருசா வருசம் இழுத்த சனம்தான். அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. டிவியில திரும்பத் திரும்ப அதைக் காட்டுனான், நான் திரும்பத் திரும்ப முன்சக்கரத்தையே பாத்துக்கிட்டிருந்தேன்.

சரி, உன் சங்கதிக்கு வருவோம். கைக்குள்ள விசை கம்மியா இருக்குங்கிறது பாதிதான். பாக்கிப் பாதி, அந்தக் கம்மியை மதிக்காதவன் என்ன ஆவான்கிறது. தேரு நிக்குது, கட்டை இன்னும் அடியில இருக்கு. வடம் நூறடி நீளம். முன்னால பிடிச்சிருக்குறவனுக்குப் பின்னால கட்டை எடுத்தாச்சா இல்லையான்னு தெரியாது. தேரு மேல நிக்கிறவன் துண்டை ஆட்டுவான், கொட்டுக்காரன் அடிப்பான், அது கூட்டத்தைத் தாண்டி முன்னால போய்ச் சேர நேரம் ஆகும். இவன் என்ன பண்றான்? தேரு நகரலை, இன்னும் இழு. நகரலை, இன்னும் பத்து ஆளைக் கூப்பிடு. வடம் முறுக்கேறி நரம்பு மாதிரி விறைச்சு நிக்கும். அந்த நேரம் பாத்து ஒருத்தன் கட்டையை உருவுவான் பாரு, தேரு கிளம்பாது, துள்ளும். அது வரைக்கும் நகராத கோவமெல்லாம் வட்டியோட சேந்து ஒரே மூச்சுல இறங்கும்.

இதை நான் சொன்னப்ப நீ துள்ளிக் குதிச்சு, “அய்யா, இது இன்டகிரேட்டர் வைண்டப்”ன்னே. கன்ட்ரோலருக்குள்ள ஒரு கூட்டல் பொட்டி இருக்கு, பிழை தீர்ற வரைக்கும் கூட்டிக்கிட்டே இருக்கும். மோட்டாரு ஏற்கெனவே தன் முழு பலத்துல நிக்குது, அதுக்கு மேல தர முடியாது, ஆனா பொட்டிக்கு அது தெரியாது, கூட்டிக்கிட்டே போகும். பொறவு பிழை தீர்ந்தும் பொட்டி காலியாக நேரம் எடுத்து, உருப்படி எல்லை தாண்டிப் போயி முட்டும். மருந்து என்னன்னு கேட்டேன். “மோட்டாரு முட்டி நிக்குதுன்னு பொட்டிக்குச் சொல்லிரணும், கூட்டுறதை நிறுத்திரும்”ன்னே. எங்க ஊருல அதுக்கு ஒருத்தன் வடத்தோட நடுவுல நின்னுக்கிட்டு “கட்டை கிடக்கு, தளத்துங்கடா”ன்னு தொண்டை கிழியக் கத்துவான். உன் புத்தகத்துல அந்த ஆளு எந்தப் பக்கத்துல கத்துறான்னு தேடிப் பாத்தேன். மோர்மிளகாய்க்கு அடியில இருந்தாலும் இருப்பான்.

நீ சொன்ன அந்த ஸ்வீடன் விமானக் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அவனுகளுக்கும் திருவிழாவுலதான் நடந்துச்சு பாரு. 1993 ஆகஸ்ட் 8, ஸ்டாக்ஹோம்ல தண்ணித் திருவிழா, கரை முழுக்கச் சனம். கிரிப்பன்னு புது போர் விமானம் வித்தை காட்டுது. அது இயல்பாவே நிலையா நிக்காத சாதி. கம்ப்யூட்டரு விடாமத் தாங்கிப் பிடிச்சாத்தான் பறக்கும். சுறுசுறுப்பு வேணும்னு வேணும்னேதான் அப்படிக் கட்டியிருக்கான். விமானி குச்சியை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் வெரசா ஆட்டினான். இறக்கையில இருக்குற மடல் அம்புட்டு வெரசாத் திரும்பாது, அதுக்கு நொடிக்கு இம்புட்டுதான்னு ஒரு எல்லை. மடல் பின்தங்குது, விமானி பதறி எதிர்ப்பக்கம் இழுக்குறான், மடல் அப்பத்தான் பழைய கட்டளைக்கு வந்து சேருது. காப்பாத்த ஆட்டுன ஆட்டமே கவுத்துருச்சு. விமானி குதிச்சுத் தப்பிச்சான், விமானம் ஒரு பாலத்துக்குப் பக்கத்துல விழுந்துச்சு, அம்புட்டுச் சனத்துக்கு நடுவுலயும் ஒரு உசிரும் போகலை. 1989லயும் அதே விமானியோட இன்னொரு கிரிப்பன் தரையிறங்குறப்ப புரண்டுச்சுன்னே. அந்த ஆளு கையைப் பிடிச்சு ஒரு வாட்டி பாக்கணும்டா. ரெண்டு தடவை எமன் வாசலுக்குப் போயி, ரெண்டு தடவையும் ரேகையைக் காட்டித் திரும்பியிருக்கான்.

உன் புத்தகத்துல எனக்குப் புடிச்ச ஆளு ஒருத்தன் உண்டு. தாடிக்காரன், ரஷ்யாக்காரன், லியாபுனோவு. 1892ல அவன் எழுதுனதை நீங்க இன்னும் வச்சுப் பொழைக்கிறீங்க. அவன் சொன்னது எனக்குச் சட்டுனு புரிஞ்சுது. ஒரு உருப்படி அடுத்தடுத்து எங்கெங்க போகும்னு ஒவ்வொரு நொடியும் கணக்குப் போட்டு மண்டையை உடைச்சுக்க வேணாம். அதுக்குள்ள இருக்குற சக்தி மாதிரி ஒண்ணைக் கண்டுபிடி, அது குறைஞ்சுக்கிட்டே போகுதான்னு மட்டும் பாரு. குறைஞ்சா, எந்த வழியாப் போனாலும் கடைசியில அடங்கித்தானே ஆகணும்? நான் நறநறப்பைக் கேக்குறதும் அதுக்குத்தான். தேரு இந்த நிமிசம் எங்க இருக்குங்கிறது எனக்கு வேண்டாம். தீருதா, தீரலையா?

இன்னொண்ணு சொன்னியே, தொங்குற கம்பியைச் சின்ன மோட்டாரை வச்சு நட்டமாத் தூக்கி நிறுத்துற வித்தை. ஒரே தம்முல தூக்க அந்த மோட்டாருக்குப் பலம் கிடையாது. அதனால அது போற திசையிலயே கொஞ்சம் தட்டிக் கொடுக்கிறது, திரும்பி வர்றப்ப அந்தப் பக்கமும் கொஞ்சம் தட்டுறது, சுழற்சிக்குச் சுழற்சி சக்தியை ஏத்தி, உச்சிக்கு வர்ற நேரம் பாத்துப் பிடிச்சுக்கிறது. ஆஸ்ட்ரோம்னு ஸ்வீடன்காரரும் ஃபுருட்டான்னு ஜப்பான்காரரும் சேந்து 2000ல இதைப் பத்தி எழுதினாங்கன்னே. பாரு, அதே ஸ்வீடன்! ஒருத்தன் அவசரப்பட்டு விமானத்தைப் போட்டான், ஒருத்தன் பொறுமையா இருந்து கம்பியை நிறுத்திட்டான். நீ மட்டும் ஏன்டா ரெண்டே நொடியில நிக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறே? எட்டு நொடி ஆனா கைடு சோறு போட மாட்டாரா? மோட்டாரு 40தான் தரும்னா 40க்குள்ள என்ன ஆகுமோ அதைச் செய். மெதுவா நின்ன கம்பியும் நின்ன கம்பிதான்.

மூலைக்கு வருவோம். தேரோட்டத்துல கை கால் நடுங்குறது மூலையிலதான். தேரு பக்கவாட்டுல நகராது, சக்கரம் விடாது. உள்பக்க முன்சக்கரத்துக்குக் கட்டையைக் கொடுத்து அதைத் தேக்கணும், வெளிப்பக்கம் உருண்டு வரும், மூஞ்சி கொஞ்சம் திரும்பும். கட்டையை எடு, நாலடி விடு, மறுபடி கொடு. பெரிய தேருன்னா தரையில இரும்புத் தகட்டைப் போட்டு கிரீஸைத் தடவி, சக்கரத்தை வழுக்க விட்டுத் திருப்புவாங்க. திருவாரூர் ஆழித்தேரு, 96 அடி, 300 டன், அதுக்குத் திருச்சி பெல் கம்பெனிக்காரங்க ஹைட்ராலிக் பிரேக்கே போட்டுக் கொடுத்துட்டாங்க. அப்படியும் கட்டை போடுறவனை வீட்டுக்கு அனுப்பலை, கவனிச்சுக்க.

இதுல நீ ஒரு அதிசயம் சொன்னே. இந்த மாதிரி பக்கவாட்டுல நகராத வண்டியை ஒரு குறிப்பிட்ட இடத்துல, குறிப்பிட்ட திசையைப் பாக்க, ஆடாம அசையாம கொண்டாந்து நிறுத்தணும்னா, எப்பவும் மாறாத, வழவழன்னு ஒரே சீரான ஒரு விதியால முடியவே முடியாதுன்னு ப்ராக்கெட்னு ஒருத்தர் 1983ல நிரூபிச்சாராம். விட்டுவிட்டுச் செய்யணும், இல்லை நேரத்துக்கு நேரம் மாத்திச் செய்யணும். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. தேரை நிலையில கொண்டாந்து விடுறதுக்குச் சாயங்காலத்துல நாங்க படுற பாட்டை, இழு, நிறுத்து, கட்டையை மாத்து, கொஞ்சம் இழுன்னு நாங்க கத்துற கத்தலை, வேலை தெரியாத பயலுகன்னு வெளியூர்க்காரன் சொல்லிட்டுப் போவான். வேற வழியே கிடையாதுன்னு அமெரிக்காவுல தீர்ப்பே ஆகிப்போச்சு. அந்தத் தீர்ப்பு நகல் ஒண்ணு எடுத்துக் கொடு, தேர்முட்டியில ஒட்டணும்.

இப்ப நான் சொல்ல வந்தது. உன் கணக்குல உன் கை எம்புட்டு நீளம்னு முதல்ல எழுது, அப்புறம் எங்க இருந்து விழுற உருப்படியைப் பிடிக்க முடியும்னு எழுது. எங்க இருந்து வேணாலும் பிடிப்பேன்னு எழுதாதே. அதை எழுதுறதுக்கு வெக்கப்படாதேங்கிறேன். நம்ம சந்திரயான்காரங்க வெக்கப்பட்டாங்களா? 2019 செப்டம்பர் 7 விடியக்காலம் அவங்க வண்டி நிலாவுல இறங்க முடியாம விழுந்ததை நாம ரெண்டு பேரும் முழிச்சிருந்து பாத்தோமே, நீ அழுதே, நான் கொட்டாவி விட்டேன்னு சொல்லிச் சமாளிச்சேன். பின்னாடி அப்ப இஸ்ரோ தலைவரா இருந்த சோமநாத் விளக்கினதை நீதான் எனக்குச் சொன்னே. அஞ்சு எஞ்சினும் எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாத் தள்ளிருச்சு. பிழை சேந்துக்கிட்டே வந்துச்சு. அதைச் சரிபண்ண வண்டி படுவேகமாத் திரும்பணும், ஆனா திரும்புற வேகத்துக்கு மென்பொருள்ல ஒரு வரம்பு வச்சிருந்தாங்க, அம்புட்டு வேகம் தேவைப்படும்னு யாரும் நினைக்கலை. இறங்குற இடமோ 500 மீட்டருக்கு 500 மீட்டர். அங்கதான் இறங்கணும்னு அது வேற போயிக்கிட்டே இருந்துச்சு.

அடுத்த தடவை என்ன பண்ணாங்க? நீயா இருந்தா எஞ்சினைப் பத்தாக்கியிருப்பே. அவங்க நடு எஞ்சினைக் கழட்டிட்டு நாலாக்கினாங்க! இறங்குற இடத்தை 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டர்னு அகலமாக்கிட்டாங்க. நொடிக்கு 3 மீட்டர் வேகத்துல இறங்கினாலும் தாங்குற மாதிரி காலைப் பலப்படுத்தினாங்க. எரிபொருள் கூட வச்சாங்க. எது எது தப்பாப் போகும்னு உக்காந்து யோசிச்சு, அதெல்லாம் தப்பாப் போனாலும் இறங்குற மாதிரி கட்டினாங்க. 2023 ஆகஸ்ட் 23, இறங்கிருச்சு. திட்ட இயக்குநரு வீரமுத்துவேலு, விழுப்புரத்துப் புள்ளை. அந்த வண்டி பழகுறதுக்கு நிலா மண்ணு மாதிரி மண்ணு நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டியில இருந்துதான் போச்சுங்கிறதும் நீ சொன்னதுதான். அதை நம்ம டீக்கடையில சொன்னேன். நாமக்கல்லுல முட்டைதானே இருக்குன்னான் ஒருத்தன்.

நாங்களும் அதைத்தான் செய்றோம், ராக்கெட்டு இல்லை, அம்புட்டுதான். தேருக்கு முந்தின நாள் நாலு வீதியும் செருப்பில்லாம நடப்போம். பள்ளம் இருந்தா காலுக்குத் தெரியும். குழாய் பதிக்கத் தோண்டுன இடத்துல மண்ணு அமுங்குமான்னு மிதிச்சுப் பாப்போம். இறக்கம் எங்க ஆரம்பிக்குதோ அதுக்கு இருபதடி முன்னாலயே சுண்ணாம்புல கோடு. அந்தக் கோட்டுக்கு வர்றப்ப தேரு நடந்து வரணும், ஓடி வரக்கூடாது. ஓடி வந்தா கோட்டுலேயே கட்டை. கோட்டைத் தாண்டின பொறவு கட்டை போடுறவன் சூரன், சந்தேகமே இல்லை. எங்க பெரியப்பாரு அப்படி ஒரு சூரரு. அவரு பேரைச் சொன்னா ஊரே கையெடுத்துக் கும்பிடும், அவரு காலு நொண்டுறதையும் ஊரே பாத்திருக்கு.

இனி உன் வைவாவுக்கு வேண்டிய புத்திமதி. வெளியூர்ல இருந்து வர்ற பெரியவரு முதல் கேள்வியா “மோட்டாரு எம்புட்டுத் தரும்?”னு கேக்க மாட்டாரு, அவருக்கும் ரயிலுக்கு நேரமாகும். கேட்டா, உன் மூஞ்சியில என்னைக்கும் இல்லாத தெளிவை வரவழைச்சுக்கிட்டு, “அது எதிர்கால ஆய்வுக்கு உரியது”ன்னு சொல்லிரு. அந்த எதிர்காலத்துல யாரு இருப்பாங்கங்கிறதை அவரும் கேக்க மாட்டாரு. படம் போடுறப்ப கீழ இருக்கிற கோட்டைக் கொஞ்சம் சின்னதாப் போடு, அச்சு மங்கலா இருந்தா இன்னும் நல்லது. முக்கியமா, எல்லையை எங்கயும் எழுதிராதே. எழுதினா, எல்லைக்கு உள்ள வேலை செய்யுதான்னு நீ நிரூபிக்க வேண்டி வரும். அது பெரிய தொல்லை. இன்னும் ஒரு வருசம் இழுக்கும், உன் அப்பன் பொண்ணு பாக்குறதை நிறுத்திருவான்.

இதெல்லாம் வேணாம்னு உனக்குத் தோணுச்சுன்னா, பங்குனிக்கு ஊருக்கு வா. இடது முன்சக்கரத்துல எனக்கு இப்ப முட்டி ஒத்துழைக்கலை, ஆளு தேவைப்படுது. ரெண்டு நாள் முந்தியே வந்து வெத்துச் சாலையில கட்டையைப் பிடிச்சுப் பழகணும். நைலான் சட்டையோட வராதே, செருப்பை வீட்டுலயே விட்டுரு. உன் கைடையும் கூட்டிட்டு வா, நல்ல மனுசனாத் தெரியுறாரு. வடத்துல எத்தனை பேருக்கு வேணாலும் இடம் இருக்கு, அவரை அங்க முன்னால கொண்டுபோய் விட்டுருவோம். கட்டைக்குப் பக்கத்துல மட்டும் அவரை விடாதே. ரெண்டு நொடியில நிறுத்திக் காட்டுறேன்னுவாரு.